கோடிங், ரோபோட்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்குபவர்களுக்கு: குமரி மாவட்டத்துக்கான ஒரு வழிகாட்டி

பிள்ளைகளுக்குக் கோடிங்கும் ரோபோட்டிக்ஸும் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த கிட் வாங்கலாம்?” என்பதுதான். பள்ளி ஆசிரியர் கேட்கிறார், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பொறியாளர் கேட்கிறார், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த அப்பாவும் அதையே கேட்கிறார். எல்லோருக்கும் நான் சொல்வது: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள்.

அட்டைப்பெட்டியில் வரும் ரோபோ கிட்டில் ஒரு சிக்கல் உண்டு. கூட வரும் புத்தகத்தில் படம் படமாகப் போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பிள்ளை ஒரு வண்டியை மாட்டிவிடும். வண்டி ஓடும், வீட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள், மறுவாரம் பெட்டி அலமாரி மேல் ஏறிவிடும். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி எதற்கும் அந்த வண்டி விடையாக வரவில்லை. நம் மாவட்டத்தில் கேள்விக்கா பஞ்சம்? முப்பந்தலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காற்றாலைக்கு எப்படித் தெரிகிறது? பேச்சிப்பாறையில் தண்ணீர் எத்தனை அடி என்று ராத்திரியில் யார் பார்க்கிறார்கள்? கரை மறைந்த பிறகு அப்பாவின் வள்ளம் எதை வைத்துத் திசை பிடிக்கிறது? மழை தூறினால் சிரட்டையில் இருக்கும் ரப்பர் பால் என்னாகும்? இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய கருவியை, வேண்டிய அன்றைக்கு வாங்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

இடம், நேரம், ஆட்கள்

எட்டுப் பேரில் தொடங்குங்கள். பன்னிரண்டுக்கு மேல் போனால் சொல்லிக்கொடுக்க ஒருவருக்குப் பதில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பு கைகளிலிருந்து கண்களுக்குப் போய்விடும், பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஐந்தாம் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள். பெரியவன் செய்வான், சின்னவன் பிடித்துக்கொண்டு நிற்பான்.

இடத்துக்கு அலைய வேண்டாம். குமரியில் ஊருக்கு ஒரு வாசகசாலையோ படிப்பகமோ இருக்கிறது. கோயில் மண்டபம், பங்கு அரங்கம், ஜமாத் கட்டடம் என்று கேட்டால் கொடுக்கிற மனசும் இருக்கிறது. இரண்டு நீள மேசை, நல்ல வெளிச்சம், பழுதில்லாத ஒரு பிளக் பாயிண்ட் போதும். அரசுப் பள்ளிக்குள் நடத்துவதானால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இருக்கும் ஹைடெக் லேபில் மாலையில் கணினிகள் சும்மா இருக்கலாம். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நேரம் பார்ப்பதுதான் உண்மையில் கஷ்டம். ஞாயிறு காலை தேவாலயமும் மறைக்கல்வியும், வாரநாள் மாலை டியூஷன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மின்னல் மாலையில்தான் வரும். மின்னல் தொடங்கியதும் கணினிகளைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, அன்றைக்குக் கணினி இல்லாத பாடம் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

கணினியைத் தொடாத முதல் வாரங்கள்

கணினி சொன்னதை மட்டும் செய்யும், சொல்லாததைச் செய்யாது. பிள்ளைகளுக்கு இது உடம்பில் ஏற வேண்டும். நான் பரிந்துரைப்பது புட்டு. ஆளுக்கொரு தாளில் புட்டு அவிக்கும் முறையை எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு நிஜப் புட்டுக்குடத்தையும் குழலையும் மேசைமேல் வைத்து, அவர்கள் எழுதியதை எழுதியபடியே செய்து காட்டுங்கள். “மாவைக் குழலில் போடவும்” என்று எழுதியிருப்பார்கள். அடியில் வைக்கும் ஓட்டைத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. மாவு நேரே குடத்துக்குள் விழும். “தேங்காய் போடவும்” என்றிருந்தால் முழுத் தேங்காயை எடுத்துக் குழல் மேல் வையுங்கள். பிள்ளைகள் சிரித்து முடித்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். வரிசை, திரும்பச் செய்தல், “ஆவி வந்தால் இறக்கு” என்ற நிபந்தனை ஆகிய மூன்றும் ஒரே மதியத்தில் பிடிபட்டுவிடும்.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவான ‘சிஎஸ் அன்பிளக்ட்’ பாடங்கள் இணையத்தில் இலவசம். அதில் இரும எண் (0, 1 இரண்டை மட்டும் வைத்து எண்ணும் முறை) அட்டை விளையாட்டு அருமையானது. ஐந்து அட்டைகளில் 1, 2, 4, 8, 16 புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். 13 வேண்டுமென்றால் யார் யார் அட்டையைக் காட்ட வேண்டும்? 8, 4, 1. இப்படி 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் ஆசிரியரைவிட வேகமாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஸ்கிராட்ச்

மூன்றாவது, நான்காவது வாரத்தில் கணினி வரட்டும். புதிது தேவையில்லை. 2011இலிருந்து மாநில அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்புகள் பல வீடுகளில் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. அக்காவோ அண்ணனோ வேலைக்குப் போய்விட்டிருப்பார்கள். மெதுவாக ஓடினாலும் பழகுவதற்கு அது போதும். நாம் தொடங்கப்போவது ஸ்கிராட்சில்: திரையில் கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல், அதாவது கணினிக்கான கட்டளை வரிசை, எழுதும் செயலி. விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் அதை இறக்கி வைத்துக்கொள்ளலாம், அதன்பின் இணையமே வேண்டாம். பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு பக்கம் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இது பெரிய உதவி. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ வைத்து ஒரு பென்டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

ஸ்கிராட்ச் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் மிச்சல் ரெஸ்னிக் குழு உருவாக்கி 2007இல் வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதற்குக் கீழே என்றால் ஸ்கிராட்ச் ஜூனியர். எழுத்தே இல்லாமல் படங்களால் ஆனது, டேப்லெட்டில் ஓடும்.

முதல் நாளே எல்லாக் கட்டைகளையும் விளக்கிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு வள்ளம், ஒரு கடல், ஒரு பாறை, இவ்வளவுதான் முதல் விளையாட்டு. வள்ளத்தைப் பிள்ளைகளே வரையட்டும். முதல் நாளில் அம்புக்குறி விசையை அழுத்தினால் வள்ளம் நகர வேண்டும். அடுத்த வாரம் பாறையைத் தொட்டால் திரும்பக் கரைக்கு வர வேண்டும். அதற்கு ‘எப்போதும்’ சுற்றும் கட்டையும் அதற்குள் ‘தொட்டால்’ என்ற நிபந்தனையும் வேண்டும். நிபந்தனையைச் சுற்றுக்கு வெளியே போட்டால் ஒரே ஒருமுறைதான் பார்க்கும். இதை நீங்கள் முன்கூட்டியே சொல்லாதீர்கள், மாட்டிக்கொள்ள விடுங்கள். வள்ளம் பாறைக்குள் புகுந்து போகும்போது, “சார், இது பாறையைக் கவனிக்கவே மாட்டேங்கு” என்று ஒரு பிள்ளை சொல்லும். “எப்பக் கவனிக்கச் சொன்ன மக்ளே?” என்று கேளுங்கள். அந்தப் பதிலை அவர்களாகக் கண்டுபிடித்த பிறகு சுற்று என்பதை மறக்கவே மாட்டார்கள்.

மூன்றாவது வாரம் மீன் வரட்டும், பிடித்த மீனை எண்ண ஒரு மாறி (மாறும் எண்ணை நினைவில் வைக்கும் பெட்டி) வரட்டும். மாறிக்குப் பெயர் தமிழில் வைக்கலாம், ஸ்கிராட்ச் அதை ஏற்கும். ‘மீன்’, ‘டீசல்’, ‘உயிர்’ என்று வைத்துக்கொண்டு, நகர நகர டீசல் குறைய வேண்டும் என்று தொடங்கினால் அந்த விளையாட்டு பிள்ளைகளுக்குச் சொந்தமாகிவிடும். சொந்தக் கட்டைகளையும் தமிழ்ப் பெயரில் உருவாக்கலாம்: ‘கரைக்குத் திரும்பு’ என்று ஒரு கட்டை. தமிழ்வழிப் பிள்ளைகள் பலர் ஆங்கிலம் தெரியவில்லை என்பதற்காகவே கணினியிலிருந்து ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களிடம் இந்த மாவட்டத்தின் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லுங்கள். சரக்கல்விளையில் பிறந்து தமிழ்வழியில் படித்த கே. சிவன் 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவர். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த வி. நாராயணனும் மேலகாட்டுவிளைக்காரர், தமிழ்வழியில் படித்தவர்தான். வகுப்பில் தமிழிலேயே பேசுங்கள். ‘லூப்’, ‘சென்சார்’ போன்ற சொற்கள் தானாகப் பழகிவிடும்.

ஒரு கணினிக்கு இரண்டு பேர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாற வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து நீங்களே மாற்றுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாற்றாவிட்டால் மவுஸ் பையனிடம் நின்றுவிடும், நோட்டு பெண்பிள்ளையிடம் போய்விடும். வயரும் ஸ்குருடிரைவரும் வரும்போது இது இன்னும் மோசமாகும். “நீ அழகா எழுதுவ, நீ ரெக்கார்டு எழுது” என்று எந்தப் பெண்பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். வேலைகளை வாராவாரம் சுற்றுமுறையில் பெயர் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

வீட்டில் கைபேசி மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு, ஆஸ்திரியாவில் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான பாக்கெட் கோட் செயலி இருக்கிறது. ஸ்கிராட்ச் போலவே கட்டைகளால் ஆனது, ஆண்ட்ராய்டு போனிலேயே எழுதி ஓட்டலாம்.

மைக்ரோபிட்டா, ஆர்டுயினோவா?

ஸ்கிராட்சில் மூன்று மாதம் பழகியபின்தான் பலகை (நிரலை ஏற்றி விளக்கையும் மோட்டாரையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகை) வாங்கும் பேச்சே. அப்போதும் முதலில், பலகையைத் திரையிலேயே ஓட்டிக் காட்டும் இலவச சிமுலேட்டரில் பழகுங்கள்.

மைக்ரோபிட்டை பிபிசி 2016இல் பிரிட்டனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. அதிலேயே 25 சிவப்பு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவையும் திசையையும் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் அறியும் வசதி, ஒரு பலகையிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் ரேடியோ எல்லாம் இருக்கின்றன. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்தன. வயர் எதுவும் மாட்டாமலே பத்துப் பதினைந்து செயல்திட்டங்கள் செய்யலாம். மேக்கோட் என்ற தளத்தில் கட்டைகளை அடுக்கினால் திரையிலேயே ஒரு பொம்மை மைக்ரோபிட் ஓடிக் காட்டும், பலகை கையில் இல்லாத பிள்ளையும் பழகலாம்.

கடற்கரை ஊர்களில் முதல் செயல்திட்டமாகத் திசைகாட்டி செய்யச் சொல்வேன். அடுத்து, ஒரு மைக்ரோபிட்டில் பொத்தானை அழுத்தினால் இன்னொன்றில் ஆபத்து அடையாளம் ஒளிர வேண்டும். அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வேலை செய்யும், வெளியே கொண்டுபோனால் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அவர்களே நடந்து அளக்கட்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்து கடலுக்குப் போனவர்களுக்குச் செய்தி எட்டாமல் போன கதை அந்த வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ரேடியோ அலை ஏன் ஓரளவு தூரத்துக்குமேல் போவதில்லை, செயற்கைக்கோள் எதற்கு என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்வியை நிதானமாக, மரியாதையோடு நடத்துங்கள். இழந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அவர்களாகப் பேசினால் பேசட்டும், நீங்கள் தூண்டிக் கேட்க வேண்டாம்.

ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில் மாணவர்களுக்காகப் பிறந்தது. அதன் வரைபடம் யாரும் பயன்படுத்தும்படி திறந்திருப்பதால் மலிவான நகல் பலகைகள் எங்கும் கிடைக்கின்றன. அதில் ஊனோ என்ற பலகையில் 14 டிஜிட்டல் முனைகள், 6 அனலாக் முனைகள், 5 வோல்ட். விளக்கு ஒன்று எரிய வேண்டுமானாலும் நீங்கள்தான் வயர் மாட்ட வேண்டும். அதனால் ஆறு, ஏழாம் வகுப்புக்கு மைக்ரோபிட்டையும் எட்டாம் வகுப்புக்கு மேல் ஆர்டுயினோவையும் வைத்துக்கொள்வது நல்லது. கையில் காசு குறைவென்றால் எல்லோருக்கும் ஆர்டுயினோவே போதும், கொஞ்சம் பொறுமை கூட வேண்டும். டிங்கர்கேட் தளத்தின் சர்க்யூட் பகுதியில் ஊனோவையும் எல்இடியையும் சென்சாரையும் திரையிலேயே இணைத்துப் பார்க்கலாம். அங்கே எல்இடியை ரெசிஸ்டர் (கரண்டை மட்டுப்படுத்தும் பாகம்) இல்லாமல் மாட்டினால் எச்சரிக்கும், காசு போகாமல் பாடம் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டாம், ஆசிரியர் வகுப்பு ஒன்றை உருவாக்கி அதன் குறியீட்டைக் கொடுத்தால் உள்ளே வந்துவிடலாம். பலகை கைக்கு வந்தபின் எம்பிளாக், அகமதாபாத்காரர்களின் பிக்டோபிளாக்ஸ் என்ற இரண்டு செயலிகளில் ஒன்றைப் போட்டால் ஸ்கிராட்ச் மாதிரியே கட்டைகளால் ஆர்டுயினோவை இயக்கலாம்.

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு முதலில் வாங்க வேண்டியவை: ஊனோ நகல் ஒன்று, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் வயரைச் செருகும் துளைப்பலகை) ஒன்று, மூன்று வகை ஜம்பர் வயர்கள், 220 ஓம் ரெசிஸ்டர்கள், பல நிற எல்இடிகள், ஒலி எழுப்பும் ஒரு பஸ்ஸர், தூரம் அளக்கும் எச்சிஎஸ்ஆர்-04 சென்சார், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் ஒரு எஸ்ஜி-90 சர்வோ மோட்டார். எல்லாம் சேர்ந்தும் சந்தையில் விற்கும் பெரிய ரோபோ கிட்டின் விலைக்கு எவ்வளவோ கீழேதான் வரும். இவற்றோடு வோல்ட், கரண்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர், முழு வகுப்புக்கும் ஒன்று. நாகர்கோவிலில் டிவி, ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கிற கடைகளில் ரெசிஸ்டரும் எல்இடியும் சில்லறையாகக் கிடைக்கும். அங்கே போகும்போது இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்த மின்னணுவியல் நம்மில் பலருக்குத் தெரியாது.

ஒரு முழுச் செயல்திட்டம்: பேச்சிப்பாறை நீர்மட்டம்

ஒரே ஒரு செயல்திட்டம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. மழைக்காலத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு மட்டங்கள் அன்றாடம் நாளிதழில் வரும். பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டே வரட்டும். அதற்குள் பள்ளிப்படிப்பும் தன்னால் வந்துவிடும்.

வாய் அகன்ற, ஆழமான பிளாஸ்டிக் டிரம் ஒன்று எடுங்கள். அடியிலிருந்து சரியாக 60 சென்டிமீட்டர் உயரத்தில் குறுக்கே ஒரு மரச்சட்டம், அதில் சென்சாரைக் கீழ்நோக்கிக் கட்டுங்கள். சென்சாரின் நான்கு கால்களில் ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், டிரிக்கர் 9ஆம் முனைக்கு, எக்கோ 10ஆம் முனைக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு எல்இடிகள் ஆளுக்கொரு ரெசிஸ்டருடன் 4, 5, 6ஆம் முனைகளுக்கு. பஸ்ஸர் 8க்கு.

சென்சார் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தைச் சொல்லும். மைக்ரோ விநாடியில் வரும் அந்த நேரத்தை 0.034ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் சென்டிமீட்டரில் தூரம். ஏன் இரண்டால் வகுக்க வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள். வகுக்காமல் விட்டு, ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மடங்கு காட்டுவதைப் பார்த்து யாராவது ஒருவர், “போயிட்டு வாறதுக்கும் சேத்துக் கணக்கு வச்சிருக்கு” என்பார்.

தண்ணீர் மட்டம் = 60 − தூரம். ஒரு சென்டிமீட்டரை ஒரு அடியாக வைத்துக்கொண்டால், 48 வரும்போது அணை நிரம்பிவிட்டது. எத்தனை அடியில் மஞ்சள், எத்தனை அடியில் சிவப்பு என்பதைப் பிள்ளைகளே வெள்ள எச்சரிக்கைச் செய்திகளைப் படித்து முடிவு செய்யட்டும். கோதையாற்றுத் தண்ணீர் போகும் வழியில் இருக்கும் திற்பரப்பு, திருவட்டாறு, குழித்துறைக்காரர்களுக்கு எவ்வளவு முன்னால் தெரிய வேண்டும் என்று வாதாடட்டும். அந்த வாதத்துக்கு ஒரு முழு மதியத்தைக் கொடுத்தாலும் தகும்.

வேலை செய்யத் தொடங்கியதும்தான் நல்ல சிக்கல்கள் வரும். தண்ணீர் ஊற்றும்போது அலை அடித்து எண் தாவும். பத்துமுறை அளந்து சராசரி எடுக்கலாம். அதிலும் ஒரு தப்பான எண் வந்து சராசரியைக் கெடுத்தால், வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கலாம். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்து இடைநிலை எதற்கென்று அன்றைக்குத் தெரியும். அடுத்த சிக்கல்: மட்டம் சரியாக எல்லைக் கோட்டில் நிற்கும்போது சிவப்பு விளக்கு பைத்தியம் பிடித்ததுபோல் மினுக்கும். 45இல் எரியட்டும், 44க்குக் கீழே வந்தால் மட்டும் அணையட்டும் என்று இரண்டு எல்லை வைத்தால் அடங்கிவிடும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மோட்டாரும் ஃபிரிட்ஜும் இதே தந்திரத்தில்தான் இயங்குகின்றன.

ஒன்பதாம் வகுப்புக்கு இன்னொரு படி உண்டு. ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்கு சுமார் 343 மீட்டர், 30 டிகிரியில் சுமார் 349. நம் ஊர் வெயிலில் 0.034 சரியா என்று கணக்கிடச் சொல்லலாம்.

இந்தச் சென்சார் 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக அளக்காது, நனைந்தாலும் கெட்டுப்போகும். நிஜமான கிணற்றிலோ தொட்டியிலோ வைக்க ஆசைப்பட்டால் நீர்புகாத வகை தனியாக இருக்கிறது. அது கிட்டத்தில் சுமார் 20, 25 சென்டிமீட்டர் வரை குருடு, அதனால் உயரத்தில் மாட்ட வேண்டும். கிணற்றுக்குப் பெரியவர்கள் மட்டும் போக வேண்டும்.

வண்டி ஓடாதபோது

இரண்டாவது கட்டமாக ஓடும் வண்டி வரும். மஞ்சள் நிறக் கியர் உள்ள பிஓ மோட்டார் இரண்டு, மோட்டாருக்கு வேண்டிய கரண்டைத் தரும் மோட்டார் டிரைவர் ஒன்று, தரையில் போட்ட கோட்டைப் பின்பற்ற இரண்டு ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார்கள். அடிப்பலகை வாங்க வேண்டாம், பழைய சிடி பெட்டியோ தடித்த அட்டையோ போதும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மனமுடைந்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அதனால் பழுது பார்க்கும் வரிசையை இங்கே கொடுக்கிறேன், அச்சிட்டு மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கணினி பலகையைக் காணவில்லை என்றால் முதலில் யுஎஸ்பி வயரை மாற்றுங்கள். கைபேசிக்கு வரும் சில வயர்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவல் கடத்தாது. மலிவான நகல் பலகைகளில் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப் இருக்கும், அதற்கு டிரைவர் மென்பொருள் போட வேண்டியிருக்கலாம். பிறகு செயலியில் பலகையின் பெயரும் போர்ட்டும் சரியா என்று பாருங்கள். நிரலை ஏற்றும்போது 0, 1 முனைகளில் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது, அந்த இரண்டும் கணினியோடு பேசும் முனைகள்.

எல்இடி எரியாவிட்டால் திருப்பி மாட்டுங்கள். நீளக் கால் பாசிட்டிவ். பிரெட்போர்டின் ஓரத்தில் நீளமாக ஓடும் மின்வரிசை சில பலகைகளில் நடுவில் துண்டாகியிருக்கும். கோடு பாதியில் நின்றால் அதுதான் அடையாளம், ஒரு சிறு வயரால் இணைத்துவிடலாம்.

மோட்டாரை நேரே ஊனோவின் முனையில் மாட்டவே கூடாது. ஒரு முனை எல்இடிக்கு வேண்டிய 20 மில்லி ஆம்பியருக்கு ஏற்றது, மோட்டாருக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். டிரைவர் மாட்டியும் ஓடவில்லை என்றால் பேட்டரியின் நெகட்டிவும் ஊனோவின் கிரவுண்டும் சேர்த்து இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டு வண்டி இங்கேதான் நிற்கும் என்று நம்பிப் பார்க்கலாம்.

அடுத்து அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி. மல்டிமீட்டருக்கு அது சரி. மோட்டார் கேட்கும் கரண்டை அதனால் தர முடியாது. மோட்டார் கிளம்பும்போது வோல்ட் சரிந்து ஊனோ மறுபடி மறுபடி புதிதாகத் தொடங்கும், பிள்ளைகள் நிரலில் தப்புத் தேடிக்கொண்டிருப்பார்கள். பென்சில் பேட்டரி ஆறு போட்ட கூடு வாங்குங்கள். எல்298 டிரைவர் சுமார் 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும் என்பதால் நான்கு பேட்டரி போட்டால் வண்டி ஊர்ந்துதான் போகும். லித்தியம் செல்கள் பலமானவைதான், ஆனால் முனைகள் தொட்டுவிட்டால் தீப்பிடிக்கும். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுக்கும் வேலை வகுப்பில் வேண்டாம். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தோடு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாட்டும் செயல்திட்டங்களும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், எவ்வளவு கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஈயப்பற்று வைப்பது ஒன்பதாம் வகுப்புக்கு மேல், காற்றோட்டமான இடத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு.

பழுதைப் பிள்ளை கண்டுபிடிக்கும் வரை உங்கள் கை வயரைத் தொடக் கூடாது. இது கஷ்டம், நேரமும் ஆகும். “மல்டிமீட்டரை எங்க வச்சுப் பாக்கணும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

செயற்கை நுண்ணறிவும் வாழைக்குலையும்

பெற்றோர் இப்போது செயற்கை நுண்ணறிவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். படம் காட்டிக் கணினியைப் பழக்கும் கூகுளின் டீச்சபிள் மெஷின் தளத்தில் கணக்குக்கூட இல்லாமல் ஒரு மதியத்தில் தொடங்கலாம். சந்தையிலிருந்து மட்டி, செந்துளுவன், ஏத்தன், பாளையங்கோடன் என்ற நான்கு வாழையிலும் இரண்டிரண்டு பழம் வாங்கி வாருங்கள். (மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதையும் சொல்லுங்கள்.) ஒவ்வொன்றையும் கேமராவில் பல கோணத்தில் காட்டிப் பழக்கினால், கணினி பெயர் சொல்லும். செந்துளுவனை உடனே பிடித்துவிடும். பிறகு ஜன்னலைச் சாத்தி டியூப் லைட் போட்டுக் காட்டுங்கள், அல்லது பழுத்ததற்குப் பதில் காயைக் காட்டுங்கள். தடுமாறும். எந்த வெளிச்சத்தில், எந்தப் பழத்தைக் காட்டிப் பழக்கினோமோ அதுதான் அதற்குத் தெரியும். ஒரு பிள்ளையின் முகத்தைக் காட்டினால்கூட நான்கில் ஒரு வாழைப்பழப் பெயரைத்தான் சொல்லும். அதற்கு ‘எதுவுமில்லை’ என்ற ஐந்தாவது பிரிவைச் சேர்க்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

எழுத்தால் நிரல் எழுதும் பைத்தான் மொழி பற்றிச் சுருக்கமாக: ஒன்பதாம் வகுப்பில் தொடங்கலாம். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தோனி என்ற இலவச மென்பொருள் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. அதில் டர்ட்டில் வரைகலையோடு (கட்டளைக்கு நகர்ந்து கோடு போடும் ஆமை) தொடங்கினால், ஸ்கிராட்சில் வரைந்ததையே எழுத்தில் வரைவார்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் (பள்ளியில் பிள்ளைகள் கருவிகள் செய்து பழகும் கூடம்) 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் வருவது. தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 2025 மத்திய பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளில் 50,000 லேப்கள் ஐந்தாண்டுகளில் அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். உங்கள் பக்கத்துப் பள்ளியில் ஏற்கெனவே லேப் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் முப்பரிமாண அச்சு இயந்திரம்வரை உள்ளே இருக்கும், தன்னார்வலர்களை அவர்கள் வரவேற்பார்கள். அரசுப் பள்ளிக்குக் கருவி வாங்கித் தர விரும்பும் வெளிநாட்டு உறவினர்கள் இருந்தால், 2022இல் மாநில அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ வழியாகக் கொடுக்கலாம்.

பிள்ளைகளின் யோசனைக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதில் 10,000 ரூபாய் கிடைக்கும். பள்ளி வழியாகத்தான் பதிய முடியும், அதனால் ஆண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் குழந்தைகள் அறிவியல் மாநாடு, உள்ளூர்ச் சிக்கலை ஆராயும் பிள்ளைகளுக்கானது. நீர்மட்டச் செயல்திட்டம் அதற்கு நன்றாகப் பொருந்தும். ரோபோப் போட்டிகள் பல இருக்கின்றன. முதல் ஆண்டில் அவற்றுக்குப் போக வேண்டாம் என்பேன், நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் ஒரு வருடத்துச் சென்சார் செலவைத் தின்றுவிடும்.

உங்களுக்கே பயிற்சி வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் திறந்த மென்பொருள்களுக்கான பாடங்கள் தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. சுற்றுலா கூட்டிப்போக திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம் ஒரே நாளில் போய்வரும் தூரம், களியக்காவிளைப் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் அறிவியல் அருங்காட்சியகம் இன்னும் கிட்டம்.

பொருட்களைக் காப்பது

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஜம்பர் வயரின் ஊசிமுனையையும் பேட்டரிக் கூட்டின் சுருளையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். தேங்காப்பட்டணத்திலோ முட்டத்திலோ வைத்திருக்கும் கிட், குலசேகரத்தில் இருப்பதைவிட வேகமாகப் பழுதாகும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். குழுவுக்கு ஒரு டப்பா, மூடியின் உள்பக்கம் பொருட்களின் பட்டியலும் எண்ணிக்கையும். வகுப்பு முடியும் முன் பத்து நிமிடம் எண்ணி அடுக்குவதற்கு மட்டும் ஒதுக்குங்கள், ஒவ்வொரு வாரமும் வேறொரு பிள்ளை கையெழுத்துப் போடட்டும். கோடை விடுமுறைக்கு மூடும்போது எல்லாப் பேட்டரிகளையும் கூட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். விட்டுவிட்டால் ஜூனில் திறக்கும்போது உள்ளே இருக்கும் ரசாயனம் கசிந்து கூடு வெள்ளை பூத்திருக்கும்.